கல் நட்ட பிறகு கேட்பதா, கோடு போடும் முன் கேட்பதா: நெடுஞ்சாலைத் திட்டத்தில் மக்கள் பேச மூன்று வாசல்கள்

2018 ஜூன் மாதம் சேலத்தை அடுத்த கிராமங்களில் போலீஸ் காவலோடு அளவுக்கல் நட்டார்கள். தென்னந்தோப்பில், கிணற்று மேட்டில், பயிர் நின்ற வயலில். சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை தங்கள் காட்டு வழியாகப் போகிறது என்பதைப் பலர் அந்தக் கல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். 277 கிலோமீட்டர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என ஐந்து மாவட்டங்கள், 10,000 கோடி ரூபாய், சுமார் 1,900 ஹெக்டேர் நிலம். திட்டம் அறிவிக்கப்பட்டது அந்த ஆண்டு பிப்ரவரியில். நான்கே மாதத்தில் கல் வந்துவிட்டது.

அந்தச் சாலை தொட்டுச் செல்லவிருந்த செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. மாடு மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊர் கூடி நட்ட கற்கள், அவன் பேரையும் ஊரையும் வெட்டெழுத்தில் சொல்லிக்கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நிற்கின்றன. எண் மட்டும் எழுதிய இந்தச் சின்னக் கற்களைப் பிடுங்கிப் போட்டவர்கள்மீது வழக்குப் போட்டார்கள் என்று படித்தபோதெல்லாம் எனக்கு அந்த நடுகற்களின் நினைவு வரும்.

இப்போது வேறு பல சாலைகளுக்கும் நீட்டிப்புகளுக்கும் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. ‘மக்கள் கருத்தைக் கேட்போம்’ என்று எல்லா அறிக்கையிலும் ஒரு வரி இருக்கும். எந்தச் சட்டத்தின் கீழ், எந்தக் கட்டத்தில், யாரிடம் கேட்பார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த வரிக்குப் பொருள். நடைமுறையில் மூன்று வாசல்கள் இருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3சி ஆட்சேபணை, சுற்றுச்சூழல் கருத்துக் கேட்புக் கூட்டம், 2013 நில எடுப்புச் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடு. இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம்.

அதற்கு முன், மக்கள் அங்கே கேட்டது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ‘சாலையே வேண்டாம்’ என்றுதான் கிராமத்தார் சொன்னார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போராட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி வேறு: ‘ஏற்கெனவே இரண்டு வழி இருக்கிறதே, அதை ஏன் சரிசெய்யக் கூடாது?’ ஒன்று விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, ஆத்தூர் வழி. இன்னொன்று வேலூர், கிருஷ்ணகிரி வழி. புதிய சாலை இவற்றைவிட அறுபது கிலோமீட்டருக்கு மேல் குறைவு, பயண நேரமும் ஏறத்தாழ பாதியாகும் என்பது அரசின் வாதம். அது சின்ன வாதம் இல்லை. ஆனால் உளுந்தூர்பேட்டை வழியின் கோளாறு எது என்பது அந்த வழியில் இரவு பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். அப்போது நான்குவழியில் வேகமாக வந்த வண்டி, ஆத்தூரிலோ வாழப்பாடியிலோ கள்ளக்குறிச்சியிலோ புறவழிச்சாலையில் நுழைந்ததும் சாலை இருவழியாகச் சுருங்கும். எதிரே வரும் லாரியின் வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்கும். ஓட்டுநர் சட்டென்று இடப்பக்கம் ஒடிப்பார். தூங்கிக்கொண்டிருந்த பஸ் முழுவதும் ஒரு கணம் விழித்துக்கொள்ளும். அந்தப் புறவழிகளை அகலப்படுத்தினாலே நேரமும் மிச்சம், உயிரும் மிச்சம் என்று சொன்னவர்கள் விவரம் தெரிந்துதான் சொன்னார்கள். பழைய சாலையை அகலப்படுத்தினாலும் யாரோ ஒருவர் கடையோ வீடோ போகத்தான் போகும். அதையும் மறைக்கக் கூடாது. எது குறைந்த சேதம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே திட்டமிடல்?

இந்தக் கேள்விக்கு மூன்று வாசல்களில் எங்கே இடம் இருந்தது?

முதலில் 3சி. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-ல் வந்தது. 3ஏ பிரிவின் கீழ், இன்னின்ன புல எண்கள் தேவை என்று அரசிதழில் அறிவிப்பார்கள். அதன் சாரம் இரண்டு நாளிதழ்களில் வரும், அவற்றில் ஒன்று வட்டார மொழியில். அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். நில எடுப்பு அலுவலர் நேரில் விசாரிப்பார். வேண்டுமானால் வக்கீல் வைத்துக்கொள்ளலாம். ஏற்கிறார் அல்லது தள்ளுகிறார். அவர் உத்தரவே இறுதியானது என்று சட்டம் சொல்கிறது. 3டி அறிவிப்பு வந்ததும் நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும்.

இந்த வாசலின் ஒரே நன்மை, பேச்சு உங்கள் நிலத்தைப் பற்றியே இருக்கும் என்பதுதான். உங்கள் பெயருக்கு ஒரு கோப்பு, உங்கள் மனுவுக்கு ஓர் உத்தரவு. புல எண்ணில் பிழை, வரைபடத்தில் விட்டுப்போன கிணறு, பங்காளி பெயரில் கிடக்கும் பட்டா போன்றவற்றைச் சரிசெய்ய இதைவிட நேரான வழி இல்லை. ஆனால் ஆட்சேபிக்கும் உரிமை அந்த நிலத்தில் உரிமைத் தொடர்பு உள்ளவருக்கு மட்டும். அதே காட்டில் இருபது வருடம் களையெடுத்த கூலிக்காரப் பெண்ணுக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று பொருள். ‘சாலை வேறு வழியில் போகட்டும்’ என்று எழுதினால், பாதையை முடிவு செய்வது தன் வேலை அல்ல என்று அலுவலர் சொல்லிவிடலாம். உண்மையும் அதுதான். கோடு வேறு எங்கோ போடப்பட்டு அவர் மேசைக்கு வருகிறது.

எட்டுவழிச் சாலையில் இன்னொன்றும் நடந்தது. 3ஏ மட்டும் வந்திருந்த நிலையிலேயே வருவாய்ப் பதிவேடுகளில் உரிமை மாற்றிப் பதிவு செய்தார்கள். ஆட்சேபணை கேட்கும் காலத்திலேயே நிலம் ஏட்டில் கைமாறிவிட்டால் பிறகு எதைக் கேட்பது? 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றி 3ஏ அறிவிப்பு செல்லும் என்றது. ஆனால் பதிவேட்டை அப்படி மாற்றியது சட்டவிரோதம் என்பதில் இரண்டு நீதிமன்றங்களும் ஒன்றாகவே நின்றன.

இரண்டாவது வாசல், 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடக்கும் கருத்துக் கேட்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்ய வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பில் வரும் மூத்த அதிகாரி தலைமை தாங்க வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் மக்கள் மொழியில் கிடைக்க வேண்டும். கூட்டம் முழுவதையும் வீடியோவில் பதிய வேண்டும். பட்டா வைத்திருப்பவர், கூலிக்காரர், மேய்ச்சல்காரர் என்று யாரும் வந்து பேசலாம். அகன்ற வாசல்தான்.

அப்படி ஒரு கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இது வேறொரு மாவட்டத்தில், வேறொரு சாலைக்காக நடந்தது. கல்யாண மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் வாழைமரம் கட்டாத குறை. பாதை வரைபடத்தை ஒரு பெரிய பிளெக்ஸில் அச்சடித்துச் சுவரில் கட்டியிருந்தார்கள். புல எண்கள் எறும்பு ஊர்வது போல் இருந்தன. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, மடித்த சிட்டா நகலை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கை விரலால் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். விரல் ஓரிடத்தில் நின்றது. பக்கத்தில் நின்ற இளம் பொறியாளரிடம், “தம்பி, இதில் என் கிணறு எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அந்தத் தம்பி நல்ல பிள்ளை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தேடினார். “கிணறெல்லாம் இந்த மேப்பில் காட்டவில்லைம்மா” என்றார். ஒலிபெருக்கியில் பேச அழைத்தபோதும் அந்த அம்மா அதையே சொன்னார்: கிணறு போனால் மிச்சமிருக்கும் ஒன்றரை ஏக்கருக்கும் தண்ணீர் இல்லை, கோடு முப்பது அடி தள்ளினால் கிணறு தப்பும்.

இந்த வாசலின் பலம் அங்கே தெரிந்தது. மீதமாகும் நிலத்தின் கதி, ஏரிக்குத் தண்ணீர் வரும் ஓடை, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் கடக்கும் இடம் போன்றவை அறிக்கைகளில் வராது, பேசினால்தான் வரும். பலவீனமும் அங்கேயே இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த யாருக்கும் கோட்டை முப்பது அடி தள்ளும் அதிகாரம் இல்லை. குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதி கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். எட்டுவழிச் சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 3ஏ அறிவிப்புக்கு முன் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, வேலை தொடங்கும் முன் வாங்கினால் போதும் என்று சொன்னதால், நிலத்தைக் குறித்த பிறகு மக்கள் கருத்தைக் கேட்பது சட்டப்படியே செல்லும் என்றாகிவிட்டது. கூடுதல் நிலம் எடுக்காமல் சாலையை அகலப்படுத்தும் திட்டத்துக்கு இந்தக் கூட்டமே தேவையில்லை என்று அறிவிக்கை விலக்கும் கொடுக்கிறது. புறம்போக்கு ஓரத்தில் முப்பது வருடம் டீக்கடை போட்டவரைக் கேட்க அந்த இடத்தில் யாருமே இல்லை.

மூன்றாவதாக, 2013 நில எடுப்புச் சட்டம். இங்கே வரிசையே வேறு. முதலில் சமூகத் தாக்க மதிப்பீடு, அதுவும் கிராம ஊராட்சியோடும் கிராம சபையோடும் கலந்து. அதற்கு ஆறு மாதக் கெடு. மூன்று ஆண்டு அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரரும் கூலியாளும்கூடப் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று சட்டம் எண்ணுகிறது. எடுக்கும் நிலம் அவசியத்துக்குத் தேவையான மிகக் குறைந்த அளவுதானா, மாற்று இடம் பார்க்கப்பட்டதா, பார்த்து முடியாது என்று தெரிந்ததா என்ற கேள்விகளுக்கு மதிப்பீடு விடை சொல்லியாக வேண்டும். சேலத்து மக்கள் தெருவில் நின்று கேட்டது இதைத்தான். சட்டமே அந்தக் கேள்வியை எழுதிவைத்திருக்கிறது! பிறகு ஒரு நிபுணர் குழு. அதில் அரசு சாராத சமூக அறிவியலாளர் இருவர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருவர், மறுவாழ்வு நிபுணர் இருவர், துறை வல்லுநர் ஒருவர். திட்டத்தைக் கைவிடச் சொல்லவும் அந்தக் குழுவால் முடியும். அதை மீறி அரசு போக விரும்பினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

இத்தனையும் இருந்தும் எட்டுவழிச் சாலைக்கு இது பொருந்தவில்லை. 2013 சட்டத்தின் 105ஆம் பிரிவும் நான்காவது அட்டவணையும் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் உட்பட 13 சட்டங்களை விலக்கி வைத்தன. 2015 முதல் இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் இந்தச் சாலைகளுக்கும் நீட்டிக்கப்பட்டன. கேட்கும் கடமை நீட்டிக்கப்படவில்லை. பணத்தை 2013 சட்டப்படி கொடுப்போம், கேள்வியை 1956 சட்டப்படி கேட்போம் என்ற ஏற்பாடு இது. மாநில நெடுஞ்சாலை என்றால் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். தமிழ்நாடு அரசு 105ஏ என்ற பிரிவைச் சேர்த்துத் தன் 2001 நெடுஞ்சாலைச் சட்டத்துக்கும் அதே விலக்கை வாங்கிக்கொண்டது. 2019-ல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அரசு புதுச் சட்டம் இயற்றியது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

கிராம சபைத் தீர்மானத்தையும் சிலர் நான்காவது வாசலாகச் சொல்வார்கள். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்தில் கிராம சபையில் பலமுறை தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அது ஊரின் குரல், தேதியிட்ட சான்று. நிலம் எடுப்பதைத் தடுக்கும் வலு அதற்குச் சட்டத்தில் இல்லை.

என் தேர்வு மூன்றாவதுதான். நிபுணர் குழுவின் அறிக்கை இரண்டு மாதம் எடுக்கும். மதிப்பீட்டோடு சேர்த்து எட்டு மாதம். நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், ‘எட்டு மாதத்தில் கட்டுமானச் செலவு எவ்வளவு ஏறும் தெரியுமா?’ என்று கேட்பார். நியாயமான கவலைதான். அவருக்கு என் பதில் இந்தச் சாலையின் நாட்காட்டி: 2018 பிப்ரவரியில் அறிவிப்பு, 2020 டிசம்பரில் இறுதித் தீர்ப்பு. கேட்காமல் மிச்சம் பிடித்த காலம் போல மூன்று மடங்குக்கு மேல் நீதிமன்றங்களில் போய்விட்டது. இதற்கிடையில், போராட்டம் வலுத்த பிறகு, வனப்பகுதிக்குள் போகும் நீளத்தைக் குறைத்துத் திட்டத்தைத் திருத்தவும் செய்தார்கள். கோட்டை நகர்த்த முடியும் என்றே இதற்குப் பொருள். அது எந்த வாசல் வழியாகவும் நடக்கவில்லை, சாலையில் உட்கார்ந்தவர்களால் நடந்தது என்பதுதான் எனக்கு வேதனை.

சட்டம் மாறும்வரை கையில் இருக்கும் இரண்டு வாசல்களையும் விடாமல் பயன்படுத்த வேண்டும். 3ஏ அறிவிப்பு வந்தால் 21 நாளை அறிவிப்பைப் படித்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். அரசிதழில் வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். மனுவில் புல எண், பயிர், மரங்களின் எண்ணிக்கை, கிணறு, மீதமாகும் நிலத்தின் நிலை எல்லாவற்றையும் எழுதி, கையால் வரைந்த படமாவது இணைத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கோப்பில் ஏறாது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனால் கடைசிவரை இருங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பை வந்திருப்பவர்களின் மொழியில் அங்கேயே படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. தவறு இருந்தால் எழுந்து சொல்ல அதுவே தருணம்.

நான் போன கூட்டத்தில் அந்தக் குறிப்பைப் படிக்க மாலை ஆறரை ஆகிவிட்டது. மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலி. ‘நிலம் இழப்போர் உரிய இழப்பீடு கோரினர்’ என்று ஒரு வரி வந்தது. கிணற்றைப் பற்றி எதுவும் இல்லை. நான் எழுந்து அதைச் சொன்னேன். “சொன்னவர் இருக்கிறாரா?” என்று மேடையிலிருந்து கேட்டார்கள். ஊருக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு என்பதால் அந்த அம்மா அப்போதே கிளம்பிப் போயிருந்தார்.