கதவு லாக் ஆக்சுவேட்டர்: மோட்டாரை மட்டும் மாற்றலாமா, முழுசாக மாற்றலாமா?

சென்ட்ரல் லாக்கிங் உள்ள காரில் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் பூட்ட மறுத்தால் ஃப்யூஸ், ரிலே, ஓட்டுநர் பக்க சுவிட்ச் என்று தேட வேண்டும். சுவிட்சை அழுத்தினால் பூட்டுகிறது, ரிமோட்டுக்கு மட்டும் பூட்டவில்லை என்றால் முதலில் ரிமோட்டின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு கதவு மட்டும் அடம்பிடித்தால் கோளாறு பெரும்பாலும் அந்தக் கதவில்தான். எதைச் சரிசெய்வது, எதை மாற்றுவது என்ற குழப்பம் வருவதும் அங்கேதான்.

பலரும் நேராக ஆக்சுவேட்டரை, அதாவது கதவின் லாக்கை நகர்த்தும் மோட்டார் பாகத்தை, வாங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஒயரைப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்கக் கூடாது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் உறைக்குள் போகும் ஒயர்கள், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி நிமிர்கின்றன. நாளடைவில் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். அதிகம் திறக்கப்படும் ஓட்டுநர் கதவில் இது சகஜம். கதவை அரைகுறையாகத் திறந்து வைத்தால் லாக் வேலை செய்கிறது, மூடினால் செய்யவில்லை, அல்லது அதே கதவில் கண்ணாடியும் ஸ்பீக்கரும் விட்டுவிட்டு நிற்கின்றன என்றால் முதலில் அந்த உறையைக் கழற்றிப் பாருங்கள்.

இதைச் சோதிக்க மல்டிமீட்டரைவிட இழை பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்தான் நல்லது. லாக்குக்கு மின்சாரம் வருவது கண நேரம்தான்; டிஜிட்டல் மீட்டர் எண்ணைக் காட்டுவதற்குள் அது போய்விடும். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஆனால் மோட்டாரை ஓட்டும் அளவுக்கு அதில் கரண்ட் வராது. மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர்களுக்கும் குறுக்கே பல்பைப் பிடித்து, பூட்டும்போதும் திறக்கும்போதும் நன்றாக மின்னுகிறதா என்று பாருங்கள். இரண்டு முறையும் மின்னினால் ஒயர் சரி, கோளாறு ஆக்சுவேட்டரில். மஞ்சள் கனெக்டர் பக்கம் மட்டும் போகவே வேண்டாம், அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது.

சரி, ஆக்சுவேட்டர்தான் என்று தெரிந்துவிட்டது. உள்ளே இருப்பது ஒரு சின்ன டிசி மோட்டாரும் சில பிளாஸ்டிக் பற்சக்கரங்களும். பூட்டும்போது ஒரு பக்கமும், திறக்கும்போது மின் துருவம் மாறி எதிர்ப்பக்கமும் சுழலும். சுவிட்சை அழுத்திக்கொண்டே கதவைத் தட்டினால் சில நேரம் வேலை செய்கிறது, அல்லது பூட்டும் வேகம் நாளுக்கு நாள் குறைகிறது என்றால் மோட்டாரின் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும்; செலவும் மிகக் குறைவு. ஆனால் ஆக்சுவேட்டரின் கூடு ஸ்க்ரூ போட்டதாக இருக்க வேண்டும். ஒட்டி மூடிய கூட்டை அறுத்துத் திறந்தால், மறுபடி எப்படி ஒட்டினாலும் மழைநீர் கசியும் என்ற பயம் இருந்துகொண்டே இருக்கும். மோட்டார் சுற்றும் சத்தம் வருகிறது, லாக் நகரவில்லை என்றால் பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம் அல்லது ஆக்சுவேட்டரை லாக்கோடு இணைக்கும் கம்பியின் (ராட்) கிளிப் உடைந்திருக்கலாம். கிளிப் என்றால் அதை மட்டும் மாற்றலாம். பற்சக்கரம் என்றால் முழு ஆக்சுவேட்டர்தான்.

புதிய கார்கள் பலவற்றில் ஆக்சுவேட்டர் தாழ்ப்பாளோடு சேர்ந்தே வருகிறது. அங்கே முழுசாக மாற்றுவதையே நான் சொல்வேன். விலை கூடுதல்தான், ஆனால் கதவு மூடியிருக்கிறதா என்று சொல்லும் சுவிட்சும் பெரும்பாலும் அதிலேயே புதிதாக வந்துவிடும்.

கார் மாடல் பார்க்காமல் பொதுவாக விற்கப்படும் யுனிவர்சல் ஆக்சுவேட்டர், ராடை இழுத்துத் தள்ளும் பழைய கார்களுக்கு மட்டும்தான். மற்றக் கதவுகளுக்கு இரண்டு ஒயர், ஓட்டுநர் கதவுக்கு ஐந்து ஒயர் என்று பார்த்து வாங்க வேண்டும். ராடின் நேர்கோட்டில் பொருத்தாவிட்டால் சீக்கிரமே இறுகிவிடும்.

எதை மாற்றினாலும் கதவின் உள்பக்கப் பேனலுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் எடுத்து மறுபடி நன்றாக ஒட்டுங்கள். இல்லையென்றால் தண்ணீர் உள்ளே இறங்கும். பேனலை மாட்டும் முன், கதவு திறந்திருக்கும்போதே தாழ்ப்பாளை ஸ்க்ரூ டிரைவரால் மடக்கி, சில முறை பூட்டித் திறந்து பாருங்கள். சுவிட்சை விடாமல் அழுத்தினால், மோட்டார் அதிகம் சூடாகாமல் காக்கும் பாதுகாப்பு அதை நிறுத்திவிடலாம், அதனால் நடுவே கொஞ்சம் ஆறவிடுங்கள். அப்புறம் மறக்காமல் வெளிக் கைப்பிடியை இழுத்துத் தாழ்ப்பாளை விடுவித்துவிட்டுக் கதவை மூடுங்கள்.