உதை தடுக்கும் கம்பி: கன்றை உதைக்கிற தலையீற்று மாட்டுக்கு உதவுமா?

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு இரும்புக் குழாய்கள், இரு முனையிலும் றப்பர் போட்ட வளைவு, நீளத்தைப் பிடித்து நிறுத்த ஒரு வில்லுப் பொத்தான். சாமான் இவ்வளவுதான். கன்றைக் கிட்ட விடாமல் உதைக்கும் தலையீற்று மாட்டுக்கு இது நன்றாக உதவும். ஆனால் கன்று குடித்து முடிக்கும்வரை மாட்டை நிறுத்தி வைப்பது மட்டும்தான் இதன் வேலை. கன்றைத் தாயோடு சேர்ப்பது அதன் மணமும், தாய் அதை நக்குவதும்தான்.

மாட்டைக் கட்டையோடு குட்டையாகக் கட்டி, முன்னால் தவிடும் பிண்ணாக்கும் வையுங்கள். மேல் வளைவு இடுப்பெலும்புக்கு முன்னால், முதுகெலும்பைத் தாண்டி மறுபக்கம் பிடிக்க வேண்டும். கீழ் வளைவு மடிக்கு முன்னால், தொடையும் வயிறும் சேரும் தோல் மடிப்புக்குள். பிறகு குழாயை அழுத்தி ஒவ்வோர் ஓட்டையாக இறுக்குங்கள். மாடு முதுகை வளைத்து நின்றால் ஓர் ஓட்டை தளர்த்துங்கள். கம்பி போட்ட பக்கத்துக் காலைத்தான் தூக்க முடியாமல் போகும். கன்றையும் அந்தப் பக்கமே விடுங்கள்.

பெரிய குறை அளவு. ஜேர்சிக் கலப்பு மாட்டுக்குச் சரியாக இருக்கும் கம்பி, எங்கள் சிறிய ஊர்மாட்டுக்கு ஆகக் குட்டையான ஓட்டையிலும் தளர்ந்து நிற்கலாம். தளர்ந்த கம்பி சத்தத்தோடு விழும், மாடு மிரண்டு கன்றை மிதிக்கும். முதுகிலிருந்து அந்தத் தோல் மடிப்புவரை ஒரு கயிற்றால் அளந்து, கயிற்றைக் கடைக்குக் கொண்டுபோங்கள். உப்புக்காற்றில் வில்லுப் பொத்தான் துருவேறி இறுகும். எண்ணெய் விட்டு வையுங்கள். கன்று குடித்ததும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும், கம்பியோடு மாடு படுத்தால் காயம்தான். முட்டுகிற மாட்டுக்கு இது பயனில்லை, தலைக்கயிறுதான் வழி. இத்தனை குறை இருந்தும் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதைவிட இது மேல். கால் கட்டிய மாடு துள்ளினால் கன்றின் மேலேயே விழும்.

காசு கொடுக்க முன் மடியைப் பாருங்கள். நோவால் உதைக்கிற மாட்டுக்குக் கம்பி போடுவது கொடுமை. முதற் பீய்ச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பாருங்கள். கட்டி கட்டியாக வந்தால், அல்லது மடி சுட்டுக் கல்லாக இருந்தால், மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். வெறும் வீக்கமென்றால் கொஞ்சம் பாலைக் கறந்து மடியை இளக்கியபின் கன்றை விடலாம்.

கன்று விழுந்த முதல் சில மணித்தியாலங்களில்தான் தாய் அதன் மணத்தைப் பிடிக்கும். மூக்கையும் வாயையும் துடைத்தால் போதும், கன்றைக் கழுவ வேண்டாம். தாய் நக்காவிட்டால் பனிக்குடத் தண்ணீரைக் கன்றின் முதுகில் பூசுங்கள், அல்லது உப்புக் கலந்த தவிட்டைத் தூவுங்கள், தொப்புளில் படவேண்டாம். நாய்களைக் கொட்டில் பக்கம் விடாதீர்கள்.

சேரட்டும் என்று சீம்பாலைத் தாமதிக்கக் கூடாது. 25 கிலோக் கன்றுக்கு 2.5 லீற்றர் வேண்டும், முதல் 2 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும்; 24 மணித்தியாலம் கடந்தால் அதன் நோயெதிர்ப்புச் சத்தைக் குடல் உறிஞ்சாது. கன்று எழும்பாவிட்டால் கம்பியைப் போட்டுக் கறந்து, தாயின் மூக்குக்கு முன்னாலேயே போத்தலில் பருக்குங்கள்.

குடிக்கும் கன்றின் வாலடியைத் தாய் மணந்து, தாழ்ந்த குரலில் கூப்பிடத் தொடங்கினால் அடுத்த முறை கம்பியை ஓர் ஓட்டை தளர்த்திப் போடலாம், பிறகு போடாமலே விடலாம். ஒரு மாடு மட்டும் வைத்திருப்பவர் அயலில் இரவல் வாங்கினாலே போதும். கம்பி ஒரு கொட்டிலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது றப்பரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள்.