ஸ்புரூஸ் மரத்து அசுவினி: நிறத்தை நம்பாதீர்கள்

ஸ்காட்லாந்தில் மே மாதம் சிட்கா ஸ்புரூஸ் என்ற மரத்தின் ஊசியிலைகள் மஞ்சளாகிக் கொட்டினால், எல்லோரும் சொல்லும் பெயர் எலடோபியம் அபியெட்டினம், அதாவது சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியான பச்சை ஸ்புரூஸ் அசுவினி. பல நேரம் அதுதான் காரணம். ஆனால் பச்சையாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. சினாரா பிலிகார்னிஸ் என்ற இன்னொரு அசுவினியும் இதே மரத்தில் வாழ்கிறது; ஆரஞ்சுப் பழுப்பு முதல் சாம்பல் கலந்த பச்சை வரை எந்த நிறத்திலும் வரும்.

கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பார்ப்பது வழக்கம். நல்ல முறைதான். ஆனால் தட்டும் முன்பு பூச்சி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். தாளில் விழுந்த பின் அந்தத் தடயம் கிடைக்காது. என் கணக்கில் அதைவிடப் பெரிய தடயம் வேறில்லை.

எலடோபியம் போன வருட ஊசியிலைகளின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, சிவந்த கண்கள். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் உடலின் பின்புறம் இரண்டு மெல்லிய நீளக் குழல்கள் தெரியும். குளிர்காலம் மிதமாக இருந்தால் அப்போதே பெருகத் தொடங்கிவிடும். சினாராவோ ஊசியிலைக்கு வராது. வசந்தத்தில் இளந்தண்டின் பட்டையில் கூட்டமாக உட்காரும். உருவம் பெரியது, உடலெல்லாம் மயிர், குழல்களுக்குப் பதில் குட்டையான கூம்புகள். ஒட்டும் இனிப்புக் கழிவும் அதன்மேல் படரும் கரும்பூசணமும் இதனிடம் அதிகம். தடித்த கிளையிலோ அடிமரத்திலோ பளபளப்பான பெரிய கருப்பு அசுவினிகள் மொய்த்தால், அது சினாரா பிசியே என்ற வேறொரு இனம்.

ஸ்புரூஸில் வரும் அடெல்ஜிஸ் என்ற பூச்சியைப் பிரிப்பது சுலபம். வெள்ளைப் பஞ்சு, தண்டில் குட்டி அன்னாசி போன்ற முடிச்சு, குழலே கிடையாது. சரியாகச் சொன்னால் அது அசுவினியின் நெருங்கிய உறவுதான், அசுவினி அல்ல.

ஜூலை, ஆகஸ்டில் மரம் வெண்கல நிறமாக மாறி, ஊசியிலைகளுக்கு நடுவே நூலாம்படை தெரிந்தால் கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது ஸ்புரூஸ் சிலந்திப்பேன்.

இதையெல்லாம் பிரித்தறிவது மரத்துக்காகத்தான். எலடோபியம் அந்த வருடப் புதுத் துளிர்களைப் பெரும்பாலும் தொடாது. ஜூனில் மொட்டையாக நிற்கும் சிட்காவை வெட்ட ஆள் கூப்பிடும் முன், கிளை நுனியில் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விட்டுவிடுங்கள், வளர்ச்சி சில காலம் குறையும், மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.