வலி மருந்தை மாற்றித் தருகிறோம் என்று 24,800 ரூபாய் வாங்கிக்கொண்டு அப்பா உயிரோடு விளையாடிவிட்டார்கள் (பாலக்காடு, பொள்ளாச்சிப் பக்கத்தவர்கள் கவனத்துக்கு)

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே ஆட்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பேர் சொல்லப் போவதில்லை. போன் செயலியில் பதிவு செய்தால் வீட்டுக்கே ஆள் அனுப்பி வலி சிகிச்சை தருகிற ஒரு தனியார் சேவை. அவர்களுக்கு நாங்கள் கட்டியது 24,800 ரூபாய்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய், முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. பாலியேட்டிவ் (வலி தணிப்பு) கிளினிக்கில் மார்பின் என்ற கடும் வலிக்கான மாத்திரை தருவார்கள், பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை 10 மில்லிகிராம். நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்று படுக்கும்போது மட்டும் 20. ஆக ஒரு நாளைக்கு 60. வலி அதில் அடங்கித்தான் இருந்தது. மாத்திரையை விழுங்கத்தான் முடியவில்லை, வாயில் போட்டதும் ஓங்கரிப்பார். தோலில் ஒட்டினால் போதும் என்ற விளம்பரத்தைப் பார்த்துத் தம்பி கூப்பிட்டான்.

வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவன் வந்தான். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தான், போனில் ஏதோ கணக்குத் தட்டினான். "டாக்டர்கிட்ட பேசிட்டேன் மேடம், கணக்கெல்லாம் அவர் பார்த்துட்டார், நீங்க நிம்மதியா தூங்குங்க" என்றான். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே மாத்திரைத் தொல்லை இல்லை தாத்தா" என்றான். அப்பா சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாகியிருந்தது தெரியுமா! அதற்கு மேல் என்ன கேட்போம்? ஃபென்டானில் பேட்ச் (மார்பின் வகையைச் சேர்ந்த வலி மருந்து, தோலில் ஒட்டுவது) பத்து, ஒரு மாதத்துக்கு, 24 மணி நேரமும் டாக்டர் போனில் கிடைப்பார் என்று சொல்லி 24,800 ரூபாயை அங்கேயே வாங்கிக்கொண்டான். நெஞ்சில் ஒன்றை ஒட்டி, பேனாவால் தேதி எழுதினான். போகும்போது, "ரெண்டு மூணு நாளைக்கு மாத்திரையும் கரைச்சுக் கொடுங்க, சேர்ந்து போகட்டும்" என்றான்.

மறுநாள் சாயங்காலம் அப்பாவை எழுப்ப முடியவில்லை. வாய் திறந்தபடி ஒரு குறட்டை, பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை, திரும்ப ஒரு குறட்டை. போன் செய்தால், "பேட்ச் நல்லா வேலை செய்யுது மேடம், அதான் நல்லா தூங்குறார்" என்கிறார்கள்! நல்லவேளை சிஸ்டர் பக்கத்துத் தெருவுக்கு வந்திருந்தார். கண்ணில் டார்ச் அடித்தார், பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மூச்சை எண்ணினார், நிமிஷத்துக்கு எட்டு. சட்டையை விலக்கிப் பேட்சைப் பார்த்தவர், "இது 50 அல்லவா! யார் ஒட்டினது?" என்று கேட்டுக்கொண்டே அதை உரித்தெடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன பிறகுதான் விஷயமே புரிந்தது. ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் மார்பின் சாப்பிடுகிறவருக்கு 25 என்ற அளவுப் பேட்சே (மணிக்கு 25 மைக்ரோகிராம் இறங்குவது) கிட்டத்தட்ட சமம். ஒரு மருந்துக்குப் பழகிய உடம்பு இன்னொன்றுக்கும் அதே அளவு பழகியிருக்காது என்பதால், பொதுவாகக் கணக்கில் வருவதைவிடக் குறைத்தே ஆரம்பிப்பார்களாம். இவர்கள் இரண்டு மடங்கு ஒட்டியிருக்கிறார்கள். பேட்ச் மெதுவாகத்தான் ஏறும், அதனால் ஒட்டிய பிறகு சுமார் 12 மணி நேரம் வரை மார்பின் கொடுத்துவிட்டு நிறுத்த வேண்டும். எங்களிடம் சொன்னதோ ரெண்டு மூணு நாள். உரித்தெடுத்த பிறகும் தோலில் தேங்கிய மருந்து மணிக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். முறிப்பதற்குக் கொடுக்கிற நலோக்சோன் அதற்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். மொத்தமாக ஏற்றினால் அடங்கியிருந்த வலி முழுவதும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடுமாம். அந்த ராத்திரி எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெம்பில்லை.

அப்பா பிழைத்துவிட்டார். இப்போது அந்த 24,800 ரூபாய்க்கு அலைகிறோம். கோயம்புத்தூர் அலுவலகத்தில் கேட்டால், "பேஷண்ட் கேரளாவுல இருக்கார், பாலக்காடு டீம்தான் பார்க்கணும்." பாலக்காட்டில் கேட்டால், "பில் கோயம்புத்தூர்ல போட்டது, அங்கயே கேளுங்க." 24 மணி நேர டாக்டர் ஒரு தடவைகூட லைனுக்கு வரவில்லை. கடைசியாக ஒரு பெண், பெட்டியைப் பிரித்துவிட்டால் பணம் வராது, சம்மதப் படிவத்தில் கையெழுத்து இருக்கிறது என்றார். அந்தப் படிவத்தில் எத்தனை அளவுப் பேட்ச் என்பதே இல்லை. 24,800 ரூபாய், பழைய மருந்தின் அளவு என்ன, புதியது எவ்வளவு என்று ஒரு வரி எழுதித் தராத ஆட்களுக்கு!

விவரமாக எழுத உட்கார்ந்தேன், அப்பா கூப்பிடுகிறார். அதனால் சுருக்கமாக: வலி மருந்தை மாற்றினால் கணக்கைக் காகிதத்தில் டாக்டர் கையெழுத்தோடு கேளுங்கள். பழைய மருந்தை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்றும் எழுதி வாங்குங்கள். பேட்ச் மேல் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சூட்டில் மருந்து வேகமாக இறங்கும், காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். கழற்றியதைப் பசை உள்ளே போகும்படி மடித்துக் குழந்தை கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள், அதில் மருந்து மிச்சம் இருக்கும். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு குறைகிறது என்றால் விற்றவனுக்குப் போன் போட்டு நேரத்தை விடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பில் எந்த மாநிலத்தில் போட்டிருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பாலக்காட்டில் கொடுக்கப் போகிறோம். இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள்.