ஓடியவர் கையில் படம் போய்ச் சேரும்வரை: எட்டு ஆண்டு அனுபவம்

2017-ல் கேனன் 80டி கேமரா வாங்கியது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பறவைகளுக்காக. அந்த டிசம்பரில் என் அண்ணி பெசன்ட் நகரில் தன் முதல் 10 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். “நாமக்கோழிக்கெல்லாம் நாலு மணிக்கு எழுந்து போறீங்க தம்பி, எனக்காக ஒரு நாள் வரக்கூடாதா?” என்றார். போனேன். ஷ்மிட் நினைவு மண்டபம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் சாலையோரம் நின்று, அவர் வரும்வரை கை பழகட்டும் என்று வந்தவர்களையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அண்ணியின் படம் நான்கு, முன்பின் தெரியாதவர்களின் படம் முந்நூற்றுச் சொச்சம். அழிக்க மனம் வரவில்லை. அண்ணியின் ஓட்டக் குழு வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். அன்று இரவு பத்தரை மணிக்கு ஒருவர் எழுதினார்: “அஞ்சு வருஷமா ஓடறேன் சார். நான் ஓடற மாதிரி ஒரு படம்கூட என்கிட்ட இல்ல.”

அந்த ஒரு வரிதான் என்னைப் பறவைகளிடமிருந்து பாதி பிரித்தது. கொரோனாவில் ஓட்டங்கள் நின்றுபோன காலம் போக, ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஓட்டங்களுக்குப் போய்வருகிறேன். சென்னைதான் அதிகம். கோவை மாரத்தானுக்கும், பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தானுக்கும் சில முறை போயிருக்கிறேன். எல்லாப் படங்களும் இலவசம். இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், பயன்படுத்திய கருவிகளையும் பட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதிவைக்கிறேன்.

முதலில் கேமரா. 80டி நொடிக்கு 7 படம் எடுக்கும். இன்றைய மிரர்லெஸ் கேமராக்களோடு ஒப்பிட்டால் இது சாதாரணம். ஆனால் ஓட்டப் படத்துக்கு இது போதும், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரணமாக ஓடுபவர் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைக்கிறார், அதாவது நொடிக்கு மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. அடிக்கு இரண்டு படமாவது விழும். அவற்றில் ஒன்றில் இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. படத்தை ‘ஓடுகிற மாதிரி’ காட்டுவது அந்தக் கணம்தான். கால் தரையில் அழுந்தியிருக்கும்போது எடுத்தால் நல்ல ஓட்டக்காரர்கூட உடம்பு இறங்கி, நொண்டுவது போலத் தெரிவார். நான் ஒவ்வொருவருக்கும் மூன்று, நான்கு படம் எடுத்து ஒன்றை வைத்துக்கொள்கிறேன்.

கேனன் இந்த மாடலின் ஷட்டருக்குச் சொல்லும் ஆயுள் 1,00,000 கிளிக். என்னுடையது அதைத் தாண்டி ஓராண்டுக்கு மேலாகிறது, இன்னும் உழைக்கிறது. இருந்தாலும் முக்கியமான ஓட்டத்துக்குப் போகும்போது தம்பியின் கேமராவையும் பையில் போட்டுக்கொள்கிறேன்.

லென்ஸ் இரண்டு. பகலுக்கு 70–200 மி.மீ. எஃப் 4 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும்), செகண்ட்-ஹேண்டில் வாங்கியது. எடை 705 கிராம், இரண்டு மூன்று மணி நேரம் கையில் பிடித்து நிற்க முடிகிறது. ஜூம் செய்தால் லென்ஸ் நீளாது, உள்ளுக்குள்ளேயே நகரும். ஆரோவில்லின் செம்மண் பாதையில் இதன் அருமை தெரிந்தது. காலையில் நூறு பேர் ஓடிப் போனால் புழுதி முழங்கால் உயரத்துக்கு எழும்பும், நானும் முழங்காலிட்டு அந்தப் புழுதிக்குள்தான் உட்கார்ந்திருப்பேன். தாழ்ந்து உட்கார்ந்து எடுத்தால்தான் ஓடுபவர் நிமிர்ந்து தெரிவார். யாரையும் மேலிருந்து எடுக்காதீர்கள்.

இன்னொன்று 85 மி.மீ. எஃப் 1.8. இது விடிவதற்கு முன்னால் எடுக்க. சென்னையில் ஜனவரியில் சூரியன் எழ ஆறரை ஆகிவிடும். முழு மாரத்தான் ஓடுபவர்களோ நாலு மணி இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். எஃப் 4-ஐவிட எஃப் 1.8 ஏறக்குறைய ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 6400, ஷட்டர் 1/250 நொடி என்று வைத்துத் தெருவிளக்குக்கு அடியில் நிற்பேன். முதல் ஆண்டில் ஒரே விளக்கின் கீழ் எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது இருண்டு மஞ்சளாகவும் வந்தபோது மெமரி கார்டில்தான் கோளாறு என்று நினைத்தேன். காரணம் விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல தெருவிளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். 80டி-யில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. விளக்கு பிரகாசமாக இருக்கும் கணத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். மெனுவில் அதை இயக்கிவைக்க எனக்கு ஓராண்டு பிடித்தது.

விடிந்த பிறகு நிற்கும் இடம்தான் எல்லாம். மெரினாவானாலும் பெசன்ட் நகரானாலும் கடல் கிழக்கே, சாலை வடக்கு தெற்காக. கடல் பக்கம் நின்று, சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு எடுத்தால் ஓடிவருபவரின் முகத்தில் இளவெயில் விழும். எதிர்ப்பக்கம் நின்றால் பாதி முகம் இருட்டு. கறுத்த நிறமுள்ளவர்கள் அந்த நிழலில் முற்றிலும் காணாமல் போய்விடுகிறார்கள். நம் ஊரில் படம் எடுப்பவர் இதைக் கவனிக்காமல் இருப்பது பெரிய பிழை என்று நினைக்கிறேன். முகத்துக்குத்தான் வெளிச்சத்தை அளக்க வேண்டும், வானத்துக்கு இல்லை.

கடற்கரை ஈரம் பற்றி ஒரு வார்த்தை. ஏசி அறையிலிருந்து எடுத்துக்கொண்டு நேராக வெளியே போனால் லென்ஸில் பனி படிந்து இருபது நிமிடம் வீணாகும். முந்தைய இரவே கேமராப் பையை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். வந்ததும் உப்பைத் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். அலமாரியில் சும்மா வைத்த என் பழைய லென்ஸ் ஒன்றைப் பூஞ்சை தின்றுவிட்டது.

இதுவரை சொன்னது பாதி வேலைகூட இல்லை. படத்தை எடுப்பதும் இலவசம் என்று அறிவிப்பதும் சுலபம். ஆயிரம் படத்துக்கு நடுவே ஒருவர் தன் படத்தைக் கண்டெடுக்க முடியாவிட்டால் அவருக்கு நாம் எதுவுமே கொடுக்கவில்லை. ஆரம்பத்தில் ஒவ்வொரு படத்தையும் பார்த்து பிப் (ஓடுபவர் சட்டையில் குத்தியிருக்கும் எண் அட்டை) எண்ணைத் தட்டச்சு செய்தேன். ஓர் ஓட்டத்துக்கு மூன்று இரவு போகும். அதிலும் பிப் மடங்கியிருக்கும், கை மறைக்கும், சிலர் முதுகில் குத்தியிருப்பார்கள்.

பிறகு நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள், படம் எடுக்கப்பட்ட நேரத்தையே கோப்பின் பெயராக மாற்றித் தரும். 06-42-17 என்றால் ஆறு நாற்பத்திரண்டு, பதினேழாவது நொடி. கோப்புறையின் தலைப்பில் ‘8 கி.மீ. பலகைக்கு அருகில்’ என்று எழுதிவிடுவேன். ஓடியவர்கள் எல்லார் கையிலும் இப்போது வாட்ச் இருக்கிறது. எட்டாவது கிலோமீட்டரை எத்தனை மணிக்குக் கடந்தோம் என்று பார்த்துவிட்டு, அந்த இரண்டு நிமிடத்துப் படங்களை மட்டும் தேடினால் போதும். கேமராவின் கடிகாரம் சில மாதங்களில் ஒரு நிமிடம் முன்னே பின்னே போய்விடும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் என் முதல் படம் செல்போன் திரையில் ஓடும் கடிகாரம்தான். வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்து மொத்தமாகத் திருத்திக்கொள்ளலாம். மூன்று இரவு வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது.

சேமிப்பிடத்தில் கணக்குப் போட்டு நடங்கள். 80டி-யின் முழு அளவு ஜேபெக் ஏழெட்டு எம்பி வரும். ஆயிரம் படம் என்றால் எட்டு ஜிபி. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இரண்டே ஓட்டத்தில் தீர்ந்துவிடும். நான் நீளப்பக்கம் 3000 பிக்சலாகக் குறைத்து ஏற்றுகிறேன், அசல் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அசலை அனுப்புகிறேன். ஆறு மாதம் கழித்து இணைப்பை மூடிவிடுவேன்.

ஏன் மூடுகிறேன் என்பதற்குப் பின்னால் ஒரு வருத்தமான கதை இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டு, பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் தாராளமானதைப் போட்டிருந்தேன். பெயர் குறிப்பிட்டால் போதும், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், வணிகத்துக்கும். அறிவைப் பொதுவில் வைப்பது போல இதையும் வைக்கிறேன் என்ற பெருமிதம் இருந்தது. 2019-ல் ஒரு பெண் அழைத்தார். “அண்ணா, எங்க ஏரியா சிக்னல்ல என் போட்டோ ஃப்ளெக்ஸ்ல நிக்குது. நான் யாருக்கு எப்ப சம்மதம் சொன்னேன்?” ஒரு நிறுவனம் தன் விளம்பரத்துக்கு எடுத்துப் போட்டிருந்தது. மூலையில் என் பெயரும் சிறிதாக இருந்தது. என் உரிமத்தின்படி அவர்கள் செய்தது சரி.

அன்றுதான் எனக்கு உறைத்தது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நான் யாரிடமும் பணம் வாங்காமல் எடுத்த படத்தின் உரிமை எனக்கு. அதை நான் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். ஆனால் படத்தில் இருக்கும் முகம் என்னுடையது இல்லை. அந்தப் பெண்ணோடு நேரில் போய்ப் பேசினேன், இரண்டு நாளில் ஃப்ளெக்ஸை இறக்கினார்கள். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஓராண்டு, கேமராவைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போய் ஓடினார்.

இப்போது ஒவ்வொரு கோப்புறையிலும் நான் எழுதுவது இதுதான்: ஓடியவர் தன் படத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் முதலில் ஓடியவரைக் கேட்க வேண்டும், பிறகு என்னை. வேண்டாம் என்றால் சொல்லுங்கள், அன்றே எடுத்துவிடுகிறேன், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, ஏற்றுவதற்கு முன்பே நானே சிலவற்றை நீக்குகிறேன். வியர்வையில் உடை ஒட்டிப்போன படம், தடுக்கி விழுந்த படம், வலியில் உட்கார்ந்திருப்பவரின் படம். இவை ‘நல்ல படங்கள்’ என்று புகைப்பட நண்பர்கள் வாதாடுவார்கள். இருக்கலாம். ஆனால் அவர் காலையில் எழுந்து வந்தது என் நல்ல படத்துக்காக இல்லை.

செல்ஃபி கொடுத்தால் முகத்தை வைத்துத் தேடித் தரும் வசதியைச் சேர்க்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். தேடுவது எளிதாகும் என்பது உண்மைதான். ஆனால் கேட்காதவர்களின் முகங்களையும் சேர்த்து அளந்துவைக்க வேண்டிவரும். அதை நான் செய்வதாக இல்லை.

இன்னொரு கேள்விக்கு நெடுநாள் என்னிடம் பதில் இல்லை. ஓர் ஓட்டத்தில் ஃபினிஷ் லைன் பக்கம் நின்றபோது, அங்கே படம் எடுத்து விற்கும் பணிக்கு வந்திருந்த இளைஞர் பணிவாகத்தான் கேட்டார்: “அண்ணா, நீங்க சும்மா குடுத்தா நாங்க எடுக்கறதை யார் வாங்குவாங்க?” அவர் கேட்டது நியாயம். கேமராவுக்குக் கடன் கட்டுபவர் அவர், எனக்கு மாதச் சம்பளம் வேறிடத்தில் வருகிறது. அன்றிலிருந்து ஃபினிஷ் லைன் வளைவுக்குக் கீழே நிற்பதில்லை, முன்னணியில் ஓடுபவர்களை எடுப்பதில்லை. நடுவழியில், யாரும் நிற்காத இடத்தில் நிற்கிறேன். முக்கியமாக, கடைசி ஆள் போகும்வரை நிற்கிறேன். முன்னால் வருபவர்களுக்குப் படம் எப்படியும் கிடைத்துவிடும். தடுப்புகளைக் கழற்றத் தொடங்கி, தண்ணீர் மேசையை மடித்து, பேருந்துகளைப் பக்கத்திலேயே விட்ட பிறகும் வந்துகொண்டிருப்பவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை. எனக்கு வரும் நன்றிச் செய்திகளில் பெரும்பாலானவை அவர்களுடையவை. இந்த இடமாற்றத்தால் அந்த இளைஞருக்கு எவ்வளவு பயன் என்று அளக்க முடியாது. ஆனால் இப்போது பார்த்தால் டீ வாங்கித் தருகிறார்.

பிரிண்ட் போடுவதையும் விடாதீர்கள். மூன்று மணியிலிருந்து சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர்கள், வாழைப்பழம் நறுக்கிக் கொடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள் யாரும் கோப்புறையைத் திறந்து பார்ப்பதில்லை. ஒரு முறை அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பி.டி. சார் ஒருவர் அழைத்து வந்திருந்தார். பிள்ளைகளின் படத்தை இணையத்தில் போடக்கூடாது என்று நான் வைத்திருப்பதால், எல்லாவற்றையும் 4-க்கு 6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு அவரிடமே கொடுத்தேன். “ஒருத்தன் அதை கணக்கு நோட்டு அட்டைக்குள்ள வச்சிருக்கான் சார், தினமும் பாக்கறான்” என்று அடுத்த மாதம் சொன்னார்.

என் பைக்குள் ஒரு பிரிண்ட் இன்னும் உரியவரிடம் சேராமல் இருக்கிறது. போன ஜனவரி, பெசன்ட் நகர் 10 கி.மீ., எட்டாவது கிலோமீட்டர் பலகை, கோப்பின் பெயர் 08-12-40. பருத்திச் சேலை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, பிப் மடங்கி எண் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும் மெல்ல வந்துகொண்டிருந்தது. கேமராவைப் பார்த்ததும் நடையை ஓட்டமாக்கி, வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு கால்களும் தரையில் இல்லை. யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால், ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஷ்மிட் நினைவு மண்டபத்துப் பக்கம் நான் நிற்பேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.