பல்லிக்குக் கூவிய அலாரம்: நாலு வருடம் கழித்து

2021-இல் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய ஜிஎஸ்எம் (செல்ஃபோன் சிம்மில் ஓடும்) திருட்டு அலாரம் இது. அல்சூரில் எங்களுடையது தரைத்தள வீடு. நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் மாமனார் மட்டும்தான். அவரும் சாயங்காலமானால் சோமேஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். சுவரில் ஒரு பேனல், இரண்டு கதவுகளுக்கும் காந்த சென்சார், ஹாலுக்கு ஆள் நடமாட்டத்தைக் கவனிக்கும் ஒரு பிஐஆர் சென்சார், ஒரு சைரன். கதவு திறந்தால் பேனலுக்குள் இருக்கும் சிம் என் ஃபோனை அழைக்கும். வைஃபை தேவையில்லை என்பதற்காகவே வாங்கினேன். கரண்ட் போனால் எங்கள் வீட்டில் வைஃபையும் போய்விடும்.

காந்த சென்சாரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதுவரை இரண்டு முறை பேட்டரி மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

பிஐஆர் கதை வேறு. அது உடம்புச் சூட்டையே பார்ப்பதில்லை, அந்தச் சூடு இடம் மாறுவதைத்தான் பார்க்கிறது. பத்தடி தள்ளிப் பல்லி ஓடினால் அதற்குத் தெரியாது. லென்ஸ் மேலேயே ஏறி உட்கார்ந்தால் ஆள் நுழைந்த கணக்குத்தான். முதல் மழைக்காலத்தில் மட்டும் ஏழு முறை ராத்திரியில் சைரன் அடித்தது. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்க்கும் மாமனார், இதற்குப் பலன் போடவில்லையே என்றார். ட்யூப் லைட்டுக்குப் பக்கத்திலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றிய பிறகு தொல்லை குறைந்தது. லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். வாங்கிய கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை.

அப்புறம் சிம். இந்த பேனலுக்கு 2ஜி மட்டும்தான் தெரியும். ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் கையில் சும்மா கிடந்த ஜியோ சிம் உதவவில்லை, வேறொன்று வாங்கினேன். அதற்கு ரீசார்ஜ் செய்ய மறந்துவிட்டுப் பொங்கலுக்குத் திருநெல்வேலி போனேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாமி ஃபோன் செய்தார்: "என்னப்பா, உங்க வீட்டு சைரன் பத்து நிமிஷமா அலறுது, உனக்கு ஒண்ணும் வரலையா?" செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பெண்மணி பின்கதவைத் திறந்திருக்கிறார். சென்சார் பார்த்தது, சைரன் கூவியது, செய்தி மட்டும் வீட்டைத் தாண்டவில்லை. தப்பு என்னுடையதுதான்.

மூன்றாம் வருடம் வந்தது புதிரான கோளாறு. கரண்ட் இருந்தால் ஃபோன் வரும், இல்லாவிட்டால் வராது. பேட்டரி விளக்கோ பச்சையாகவே எரிந்தது. சர்வீஸுக்கு வந்த பையன் சிக்னல் சரியில்லை என்று ஆன்டெனாவை மாற்றி 400 ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். பலன் பூஜ்யம்.

கண்டுபிடித்தது மாமனார். தூரவாணி நகரில் டெலிபோன் கருவிகள் செய்யும் ஐடிஐ தொழிற்சாலையில் முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை பார்த்தவர். அவருடைய பேட்டரி டிரான்சிஸ்டர் ரேடியோ பேனலுக்குக் கீழேதான் இருக்கும். பேனல் அழைக்கும்போதெல்லாம் ரேடியோவில் 'டிர்ர் டிர்ர்' என்று உறுமும். 2ஜி ரேடியோ தொடர்ந்து பேசாது; நொடிக்கு சுமார் 217 முறை விட்டுவிட்டு அலையை வீசும். அந்தத் துடிப்புதான் ஸ்பீக்கரில் கேட்கிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னார். உறுமல் தொடங்கியது, சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது.

"மாப்ள, நடுவுல அறுந்து போகுது பாருங்க. இது சிக்னல் இல்ல, பேட்டரி."

திறந்து பார்த்தால் உள்ளே சிம்800 மாட்யூல், ஃபோன் அழைப்பைச் செய்யும் 2ஜி பாகம். சும்மா இருக்கும்போது மில்லி ஆம்பியர்களில் ஓடுவது, அலை வீசும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். கிழட்டு லித்தியம் பேட்டரியால் அதைக் கொடுக்க முடியவில்லை. வோல்டேஜ் 3.4-க்குக் கீழே சரிந்ததும் மாட்யூல் அணைந்து மறுபடி உயிர்பெறுகிறது. பச்சை விளக்கு காட்டியதெல்லாம் ஓய்வு நேரத்து வோல்டேஜ். திருடன் மெயினை அணைத்துவிட்டு வந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. புது பேட்டரி போட்டு, அந்தக் கணநேர இழுப்புக்குக் கைகொடுக்க மாட்யூல் பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் பற்றவைத்தோம். செலவு 350 ரூபாய்கூட ஆகவில்லை.

இன்று வாங்குவதென்றால் 4ஜி பேனல்தான் வாங்குவேன். பழையது ஓடும்வரை ஓடட்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துச் சோதிக்கிறோம். போன வாரமும் செய்தோம். உறுமல் அறுபடாமல் ஓடி, என் ஃபோன் அடித்தது. மாமனார் தலையை ஆட்டிவிட்டு, செய்தி கேட்க ரேடியோவைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.