மெடூசாவுக்குப் பழையது, கிராக்கனுக்குப் புதியது

1981-இல் வந்த 'கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' படத்தை எங்கள் வீட்டில் தேய்ந்துபோன வீடியோ கசெற்றில் எத்தனை தரம் பார்த்திருப்போமோ தெரியாது. 2010-இல் அதே பெயரில் அதைத் திரும்ப எடுத்தார்கள். திருகோணமலைத் தியேட்டருக்கு அது வந்தபோது மாமா கேட்டார்: "பழசே கையில இருக்கேக்க புதுசுக்கு ஏன் ரிக்கெற், மருமகன்?" கடைசியில் அவரும் வந்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் இந்த வழக்குத் தீரவில்லை. கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸின் கதையை இனித்தான் பார்க்கப் போகிறவர்களுக்கு என் பதில் இதுதான்: முதலில் பழையதை வீட்டில் பாருங்கள். பிறகு புதியதைப் பெரிய திரையில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

பழையதன் உயிர் மெடூசா, தலையில் மயிருக்குப் பதிலாகப் பாம்புகள் உள்ளவள், தன்னை நேரே பார்த்தவர்களைக் கல்லாக்குபவள். ரே ஹரிஹவுசன் சின்னப் பொம்மையைக் கையால் கொஞ்சம் அசைத்து, ஒரு படம் பிடித்து, திரும்ப அசைத்து, அடுத்த படம் பிடித்து உருவாக்கிய காட்சி. ஒரு செக்கனுக்கு 24 படங்கள் வேண்டும். அவள் தலையிலுள்ள ஒவ்வொரு பாம்பும் ஒவ்வொரு படத்துக்கும் நகர வேண்டும். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தக் காட்சியின் பொறுமை. தீ வெளிச்சம், தூண்களின் நிழல், வில்லோடு தரையில் ஊர்ந்து வரும் உடல். வாலின் கிலுகிலுப்புத்தான் முதலில் வரும், அவள் பிறகுதான் வருவாள். பெர்சியஸ் கேடயத்தில் விழும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பான். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம்.

புதிய மெடூசா கணினியில் பிறந்தவள். முகம் வடிவு, வேகம் பயங்கரம், தூணுக்குத் தூண் சுற்றிப் பாய்கிறாள். படம் முடிந்து வெளியே வரும்போது மாமா சொன்னார்: "இது ஓடித் திரியுது, மருமகன். பழசு எங்களைத் தேடி வந்தது." அதற்கு மேல் என்னால் ஒன்றும் சேர்க்க முடியவில்லை.

கதையிலும் பழையதுக்குத்தான் என் வாக்கு. அதில் சண்டை தொடங்குவது ஒரு தாயின் மனக்குறையில். கடல் தேவி தெற்றிஸின் மகன் கலிபோஸைத் தேவர்களின் அரசன் சீயஸ் தண்டித்து உருக்குலைத்துவிடுகிறான். அந்த எரிச்சல் ஆறாமல் இருக்கும்போதுதான் அரசி கசியோபியா, தன் மகள் அண்ட்ரோமிடா தெற்றிஸைவிட அழகி என்று அந்தத் தேவியின் கோயிலுக்குள்ளேயே நின்று பெருமை பேசுகிறாள். தேவி சிலையின் தலை உடைந்து விழுந்து, அண்ட்ரோமிடாவைக் கிராக்கன் என்ற கடல் விலங்குக்குப் பலி கொடுக்கவேண்டும் என்று சாபம் சொல்கிறது. தாய்க்காக மலையையே பெயர்க்க வெளிக்கிட்ட இராவணனின் கதையைக் கோணேசர் மலையில் நின்று கேட்டவர்கள் நாங்கள். அதே தாயின் ஈமக்கிரியையான அந்தியேட்டிக்காகக் கன்னியாவில் ஏழு கிணறுகள் உண்டான கதையையும் சின்னனிலேயே கேட்டு வளர்ந்தோம். அதனால் தெற்றிஸின் கோபத்தை யாரும் எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

புதிய படத்தில் தெற்றிஸ் இல்லை. அவள் இடத்தில் பாதாள உலகின் தேவன் ஹேடிஸ் வருகிறான். மனிதர்கள் தேவர்களை எதிர்த்து எழும்புகிறார்கள், பெர்சியஸ் தேவர்கள் தரும் வாளைக்கூடத் தொட மறுக்கிறான். நல்ல யோசனைதான். ஆனால் தாயை எடுத்துவிட்டால் சாபத்துக்குச் சூடு இல்லாமல் போகிறது. பறக்கும் வெள்ளைக் குதிரை பெகாசஸ் கறுப்பானதெல்லாம் எனக்குப் பெரிய விசயமில்லை.

இனிக் கிராக்கன். இங்கே புதியதை அடிக்க முடியாது. கிராக்கன் என்ற பெயர் கிரேக்கத்துக்கு உரியதே அல்ல, வடகடல் மாலுமிகளின் கதையில் வருவது. கிரேக்கக் கதையில் அண்ட்ரோமிடாவை விழுங்க வரும் விலங்கு கீட்டோஸ். பழைய படத்தில் கிராக்கன் நான்கு கைகளோடு நீருக்கு மேல் நிற்கும் பொம்மை. எனக்கு விருப்பமான பொம்மைதான், ஆனாலும் அளவு நெஞ்சில் ஏறாது. புதியதில் அது எழும்பத் தொடங்கினால் முடிவதேயில்லை. கைகள் நகரத்துக்கு மேலால் போகின்றன, கடல் வீதிகளுக்குள் ஏறுகிறது. அந்த இடத்தில் எங்கள் தியேட்டர் அப்படியே அமைதியானது. அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த பொடியளும் நிறுத்திவிட்டார்கள். சுனாமி வந்த 2004 மார்கழி 26-க்கு ஆறு வருசம்கூட ஆகியிருக்கவில்லை. கடல் ஏறி வருவதைக் கண்ணால் கண்டவர்கள் பக்கத்துக் கதிரைகளில் இருந்தார்கள். மாமா என் கையைப் பிடித்திருந்தார். இதைத்தான் வீட்டில் ஒருநாளும் பார்க்க முடியாது: ஒரே பயத்தை நூறு பேர் சேர்ந்து தாங்குவதை.

3டி பற்றியும் ஒரு சொல். எங்களுக்குக் கிடைத்தது சாதாரணப் பிரதி. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, படம் இருட்டாக இருந்தது, ஆட்கள் மட்டையில் வெட்டி ஒட்டினமாதிரி நின்றார்கள் என்று போனில் சொன்னார். காரணம் இருக்கிறது. அந்தப் படம் சாதாரணக் கமராவில் எடுக்கப்பட்டு, பிறகு அவசரமாக 3டி-க்கு மாற்றப்பட்டது. இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் பிடித்த ஆழம் அதில் இல்லை. கண்ணாடியும் வெளிச்சத்தைக் குறைக்கும், மெடூசாவின் குகையோ ஏற்கெனவே இருட்டு. இப்படி மாற்றிய படம் எது வந்தாலும் சாதாரணப் பிரதியையே தேடுங்கள்.

பிள்ளைகளோடு பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. மாரி மழை விட்ட தை மாதத்தில், இரவு ஏழரை மணிபோல திருகோணமலை டச்சு பே கடற்கரை மணலில் வடக்கே பார்த்து நில்லுங்கள். ஐந்து வெள்ளிகள் கோணலாய்க் கோர்த்ததுபோலத் தெரிவது அந்த அரசியின் பெயரிலுள்ள விண்மீன் கூட்டம், கசியோபியா. அவளுக்கு மேலே மகள் அண்ட்ரோமிடா, அருகே பெர்சியஸ். நான் என் தங்கையின் மகளுக்கு முதலில் வானத்தைக் காட்டினேன். பிறகுதான் பழைய படத்தைப் போட்டேன். மெடூசாவின் வால் கிலுகிலுத்ததும் அவள் எழும்பிப் போய் லைற்றைப் போட்டாள்.